வெள்ளி சுரண்டிய கிண்ணம்

கர்... கர்... கர்... அப்படித்தான் கேட்கும் ஐயா. கத்தி முனையால் வெள்ளிக் காசைச் சுரண்டுகிற ஓசை. கேட்டால் பல் கூசும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது முதன்முதலில் கேட்டேன். அப்பா அடுப்பருகே உட்கார்ந்து, பார்லி பீர் நிறைந்த கிண்ணத்துக்கு மேலே ஒரு காசைப் பிடித்துக்கொண்டு சுரண்டினார். எதிரே எனக்குத் தெரியாத ஒரு ஆள். வெள்ளித் தூள் நுரையில் விழுந்து மினுங்கியது. இருவரும் அந்த ஒரே கிண்ணத்தில் குடித்தார்கள். குடித்து முடித்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டு, "கெகேலா, இவர் இனி உனக்குச் சித்தப்பா" என்றார். அவ்வளவுதான். காலையில் யாரோவாக வந்தவர், மாலையில் சித்தப்பாவாகப் போனார். அவர் பிள்ளைகளை நாங்கள் கட்டக்கூடாது. அவர்மேல் நாங்கள் ஆயுதம் எடுக்கக்கூடாது. அவரை யாராவது கொன்றால் அந்தப் பழியை நாங்கள் வாங்க வேண்டும். வெள்ளி துருப்பிடிக்காது. அந்த உறவும் அப்படித்தான்.

நீங்கள் ஆயரைப் பற்றிக் கேட்க வந்தீர்கள். நான் வெள்ளியைப் பற்றிப் பேசுகிறேன். பொறுங்கள், இரண்டும் ஒன்றுதான். முதலில் இதைக் குடியுங்கள். மலை ஏறி வந்திருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், உங்கள் கிண்ணம் தனி, என் கிண்ணம் தனி. எதையும் சுரண்டவில்லை.

உங்கள் வயதுக்குத் தம்பி என்று கூப்பிடலாம். ஆனால் எங்கள் ஊரில் அந்தச் சொல்லைச் சும்மா சொல்ல மாட்டோம். ஐயா என்றே இருக்கட்டும்.

நகரத்திலிருந்து இதைக் கேட்டு வருகிறவர்களில் நீங்கள் முதல் ஆள் இல்லை. எல்லோரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ஆயர் தியோன் எப்படி இறந்தார்? கணவாய்க்கு அந்தப் பக்கத்து மக்கள் கொன்றார்களா? கொன்றார்கள் என்று நான் சொன்னால் அவரை வேதத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சி என்று கோயிலில் வாசிப்பீர்கள். பெயரைச் சுவரில் எழுதுவீர்கள். எனக்கு இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆனாலும் சொல்கிறேன். அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர்களில் பாக்கி இருப்பது நானும், வெளியே உங்கள் கழுதையைக் கட்டினானே முணுமுணுத்துக்கொண்டு, அந்த என் தம்பி தோர்காவும்தான்.

அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். வேலை சொன்னால் மட்டும் கேட்காது.

கேளுங்கள். ஜார்ஜிய ராஜா கீழே நகரத்தில் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார் என்று எங்களுக்குச் செய்தி வந்த வருடம் அது. அதற்கு நடுவில் எங்கள் வீட்டில் வேறொரு தீ. கோடையில் மேல் புல்வெளியில் ஆடுகள் கலந்துவிட்டன. இது உன் ஆடு, இது என் ஆடு என்று பேச்சு வளர்ந்தது. தோர்கா ஒரு கல்லை எடுத்து எறிந்தான். அது இமேதாவின் அண்ணன் நெற்றியில் பட்டது. சின்னக் காயம்தான் ஐயா. தோல் நட்சத்திரம் போலக் கிழிந்திருந்தது, அவ்வளவே. பொழுது சாய்வதற்குள் அவர் இறந்துவிட்டார்.

இமேதா யார் என்று சொல்லவில்லையே. எனக்கு நிச்சயித்திருந்தவன். அறுவடை முடிந்ததும் கல்யாணம். அந்தக் கல்லுக்குப் பிறகு அவன் வேலை என்ன? என் தம்பியைக் கொல்வது. அது அவன் விருப்பம் இல்லை. எங்கள் ஊரில் அண்ணன் இரத்தத்துக்குத் தம்பிதான் பதில் சொல்ல வேண்டும். சொல்லாதவனுக்கு யாரும் அடுப்பு நெருப்புக்கூடத் தரமாட்டார்கள்.

தோர்கா வீட்டுக்குள் அடைந்து கிடந்தான். இமேதா எதிர்ச் சுவரில் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் தண்ணீருக்குப் போகும்போது தலையைத் திருப்பாமல் பேசுவான்.

"கெகேலா, அவனை வெளியே விடாதே."

"எத்தனை நாளைக்கு?"

"எனக்குத் தெரியாது. சாயங்காலம் நான் மாவு ஆலைப் பக்கம் போவேன். திரும்ப நேரமாகும். அப்போது அவன் கொஞ்சம் காற்று வாங்கட்டும்."

கொல்ல வேண்டியவன் இப்படிச் சொன்னால் அவனை எப்படி வெறுப்பது? வெறுக்காமல்தான் எப்படி இருப்பது?

இலையுதிரும் காலத்தில் ஆயர் வந்தார். ராஜாவின் தளபதி படையோடு ஆற்றுப் பாலம்வரை வந்து நின்றான். ஆயர் அவனைப் பாலத்தைத் தாண்ட விடவில்லை. "இவர்களுக்கு நான் போதும்" என்றாராம். தனியே ஒரு கோவேறு கழுதையில் ஏறி வந்தார். குட்டையான கிரேக்கர். இருமல். நம் மொழியை வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசுவதுபோல் பேசினார். அந்தக் கழுதையிடம்கூட "தயவுசெய்து நட" என்று கெஞ்சுவார். சாதுவான மிருகம் ஐயா அது. எங்கள் பிள்ளைகள் அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்து விளையாடும். காதை அசைக்காது.

ஊர்ப் பெரியவர் அவரிடம் கேட்டார்: "ஆற்றில் முங்கச் சொல்கிறீர்கள். ஆடு கழுவும்போது வருடா வருடம் முங்குகிறோம். இதில் என்ன விசேஷம்?"

"இது வேறு முழுக்கு, பெரியவரே."

"தண்ணீர் அதேதானே?"

"தண்ணீர் அதேதான். வெளியே வருகிறவர் வேறு."

"இந்தக் குளிரில் வெளியே வந்தால் அது உண்மைதான்" என்றார் பெரியவர். எல்லோரும் சிரித்தார்கள். பாலத்தில் நின்ற படையையும் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முங்கினோம். தோர்காவையும் அழைத்து வந்திருந்தோம். படை நிற்கும்போது யாரும் கத்தி எடுக்க மாட்டார்கள் என்று.

கரையில் நடுங்கிக்கொண்டு நின்றபோது ஆயர் பையிலிருந்து ஒரு வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தார். உள்ளே பார்த்து முகம் சுளித்தார். பழைய திராட்சை மதுவின் கசடு அடியில் காய்ந்து ஒட்டியிருந்ததாம். பிற்பாடு அவரே சொன்னார். இடுப்பிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துச் சுரண்டினார்.

கர்... கர்... கர்...

ஊரே அடங்கிவிட்டது ஐயா. ஆறு ஓடுகிற சத்தமும் அந்தச் சத்தமும்தான். நடுங்கிக்கொண்டிருந்த பற்கள்கூட நின்றுவிட்டன. இந்த அந்நியருக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்கிறது என்று பெரியவர் கண் கலங்கினார். ஆயர் மதுவை ஊற்றி, மேலே பார்த்து ஜெபித்து, பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "இதைப் பருகுகிற நீங்கள் எல்லோரும் இன்றுமுதல் சகோதர சகோதரிகள். ஒரே தகப்பனின் பிள்ளைகள்."

எங்களுக்கு இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

தோர்கா முண்டியடித்துக்கொண்டு முதலில் போய்க் குடித்தான். உயிர்மேல் ஆசை. கிண்ணம் இமேதாவிடம் வந்தது. அவன் வாங்கவில்லை. என்னைப் பார்த்தான். அவன் குடித்தால் என் தம்பி பிழைப்பான். குடித்தால் அவன் எனக்கும் அண்ணன். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். ஈர மணலில் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருந்தது. அதை இப்போதும் வரைந்து காட்டுவேன். நிமிர்ந்தபோது அவன் குடித்து முடித்திருந்தான். தாகத்தில் இருந்தவன்போல் ஒரே மடக்கு.

அதன்பிறகு எல்லோரும் குடித்தார்கள். நானும் குடித்தேன். கடைசியில் மிச்சம் இருந்ததை ஆயரே குடித்து, கிண்ணத்தைத் துடைத்து வைத்தார். அது உங்கள் வழக்கமாமே, குருவானவர் மிச்சம் வைக்கக்கூடாதாமே. எங்களுக்கு அதன் அர்த்தம் வேறு. குட்டைக் கிரேக்கர் ஒருவர் எங்கள் இரத்தத்தில் சேர்ந்துவிட்டார்.

இமேதா கத்தியைக் கழற்றி ஆற்றுக் கரையில் போட்டான். தோர்காவைக் கட்டிக்கொண்டு அழுதான். ஆயரும் அழுதார். இதைத்தான் நகரத்தில் அற்புதம் என்கிறீர்கள். ஒரே வார்த்தையில் இரத்தப் பழியை நிறுத்தினார் என்கிறீர்கள். வார்த்தை இல்லை ஐயா, கசடு.

பனி விழுந்து வழி அடைத்தது. ஆயர் எங்களோடு தங்கினார். அறுவடை முடிந்து நாட்கள் போயின. ஒரு காலையில் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். வந்து நின்றார்.

"மகளே, உனக்கும் இமேதாவுக்கும் கல்யாணம் என்றார்களே. எப்போது? நானே ஆசீர்வதிக்கிறேன்."

"அண்ணனை எப்படிக் கட்டுவது?"

"யார் அண்ணன்?"

நான் சொன்னேன். வெள்ளி, சுரண்டல், கிண்ணம், எல்லாம். அவர் முகம் சுண்டிப்போனது. மாவுப் பலகையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ மகளே, அது கசடு. வெறும் கசடு. நான் சொன்ன உறவு அப்படிப்பட்டது இல்லை" என்று ஓடினார் பெரியவரிடம். நான் கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே போனேன். மாவு அப்படியே கிடந்தது. எனக்கு அன்றைக்கு எவ்வளவு நம்பிக்கை தெரியுமா? அந்தக் குட்டை மனிதரைத் தூக்கிக்கொண்டு ஓடலாம்போல் இருந்தது.

ஊர் கூடியது. இமேதாவும் வந்தான். ஆயர் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியானால் அந்த உறவு நிஜம் இல்லையா?" என்றார்.

"நிஜம்தான்."

"நிஜம் என்றால் தங்கையை அண்ணன் கட்டுவானா?"

"அந்த மாதிரி..."

"நிஜம் இல்லை என்றால், இமேதா தன் அண்ணன் பழியை விட்டது எதற்காக? அவன் கத்தியைத் திரும்ப எடுக்கட்டுமா? ஒன்று சொல்லுங்கள், ஆயரே. அரை உறவு எங்களுக்குத் தெரியாது."

  தோர்கா கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான், சுவரோடு சுவராக. ஆயர் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும் ஐயா. பொய் என்று ஒரு வார்த்தை. நான் அதற்காக நின்றேன். என் வாழ்நாளில் யாருடைய வாயையும் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை.

அவர் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார். "மகளே, நீங்கள் சகோதரர்கள் என்று சொன்னேன். அது பொய் என்று என்னால் சொல்ல முடியாது. அது பொய் இல்லை."

"எனக்காக ஒரு தடவை?"

"என் வாயில் பொய் வராது."

"வரவே வராதா?"

"இதுவரை வந்ததில்லை" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. ஏதோ நோயைச் சொல்வதுபோல் சொன்னார்.

இதுதான் எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. அவர் செய்த நன்மைகளை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் இதை வைத்துக்கொள்கிறேன்.

வசந்தம் வந்ததும் இமேதா கல்யாணம் செய்துகொண்டான். மனக்கசப்பில்தான். மனக்கசப்பில்தான் வாசலில் பேரி மரம் வைத்தான், மனக்கசப்பில்தான் வரிசையாகப் பிள்ளைகள் பெற்றான். பெண் கணவாய்க்கு அந்தப் பக்கம். வேறெங்கே போவான்? ஊருக்குள் எல்லோரும் உடன்பிறப்பு. எங்கள் பையன்கள் எல்லோரும் பெண் எடுக்க அந்தப் பக்கம்தான் போனார்கள். எங்கள் பெண்கள் அங்கே போனார்கள். நான் போகவில்லை. தோர்காவுக்குச் சமைக்க ஆள் வேண்டுமே.

வெளியிலிருந்து குரல் கேட்கிறதா? "அக்கா, அந்த ஆள் கழுதையை விற்பாரா, கேள்!" என்கிறான். பேசாமல் இரடா! அவர் நடந்தா போவார்?

எங்கே விட்டேன்? கணவாய். அடுத்த வருடம் பனி உருகியதும் ஆயருக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். அங்கேயும் கிண்ணத்தைக் கொண்டு போக வேண்டும். பெரியவர் தடுத்தார். "வேண்டாம். அவர்கள் உங்கள்மேல் கோபமாக இருக்கிறார்கள். உங்கள் கிண்ணத்தில் குடித்தால் அவர்களும் எங்களுக்கு உடன்பிறப்பு. பிறகு அவர்கள் பெண்களை யாருக்குக் கொடுப்பார்கள்? எங்கள் பையன்கள் யாரைக் கட்டுவார்கள்? கரடியையா?"

"அவர்களை மட்டும் விட்டுவிடச் சொல்கிறீர்களா?" என்றார் ஆயர்.

"ஆமாம்" என்றார் பெரியவர்.

ஆயர் கேட்கவில்லை. போகிற காலையில் என் வாசலுக்கு வந்தார். கிண்ணத்தை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளவென்று. அந்தச் சின்னக் கத்தியை என்னிடம் நீட்டினார்.

"இதை நீ வைத்துக்கொள். இந்தத் தடவை எதையும் சுரண்டப் போவதில்லை."

"வெங்காயம் நறுக்க ஆகும்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கழுதையிடம் தயவுசெய்து என்றார். அது நடந்தது.

மறுநாள் கழுதை திரும்பி வந்தது. ஆயர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு மேலே கிடந்தார். பிடரி மயிரெல்லாம் இரத்தம். சேணம் வைத்தது வைத்தபடி இருந்தது. நாங்கள் இறக்கி என் வீட்டில்தான் கிடத்தினோம். என் வீடுதான் பாதையில் முதல் வீடு. ஊர் கூடிவிட்டது. இமேதா வந்தபோது இடுப்பில் கத்தி இருந்தது. தன்னுடையதைத்தான் ஆற்றுக் கரையில் போட்டுவிட்டானே, இது அவன் அண்ணனுடையது. அதைத் தன் வீட்டு உத்தரத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருந்தான். அவன் மனைவி அவனுக்குப் பின்னால், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மாதம் முற்றியிருந்தது. அவளுடைய அண்ணன்மார் அந்தப் பக்கத்து ஊரில்தான் இருந்தார்கள். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

இமேதா மண்டியிட்டுக் கேட்டான்: "யார் செய்தது?"

"யாரும் இல்லை. கழுதையிலிருந்து விழுந்துவிட்டேன்."

"எங்கே?"

"வழியில்."

"ஆயரே, நீங்கள் எங்கள் கிண்ணத்தில் குடித்தவர். உங்கள் இரத்தம் எங்கள் இரத்தம். யார் என்று சொல்லுங்கள். இன்றைக்கே போகிறோம்."

அவன் பின்னால் எங்கள் ஆண்கள் எல்லோரும் நின்றார்கள். பெண் கொடுத்தவர்கள், பெண் எடுத்தவர்கள். ஆயர் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். வாசலில் நின்றவளைப் பார்த்தார்.

"விழுந்தேன்" என்றார்.

"பொய் சொல்ல மாட்டீர்கள் என்று கெகேலாவிடம் சொல்லியிருக்கிறீர்கள்."

அப்போது அவர் என்னைப் பார்த்தார். நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். "ஆமாம், சொன்னேன். பொய் சொல்ல மாட்டேன். விழுந்தேன்."

தோர்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தான். நெற்றியில் காயம். இரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். தோல் நட்சத்திரம் போலக் கிழிந்திருந்தது. அவன் பார்த்தான், இமேதாவும் பார்த்தான். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  தோர்காதான் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "விழுந்த காயம்தான்" என்றான்.

கல்லடி எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் தோர்காவை விடத் தெரிந்தவன் யார் ஐயா? அவனே சொல்லிவிட்டான். இமேதா எழுந்து போய்க் கத்தியை மறுபடி உத்தரத்தில் செருகினான். அவன் மனைவி அப்படியே நிலையோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரமே பிள்ளை பிறந்தது.

அவருக்கு மலைச் சவாரி தெரியாது. சமவெளி மனிதர். விழுந்திருக்கிறார். விழுந்துவிட்டு மறுபடி ஏறியிருக்கிறார். ஏன் சிரிக்கிறீர்கள்? ஏற முடியாதா?

அவருக்கு முடிவு வந்துவிட்டது என்று தெரிந்த அன்று, மற்றவர்கள் ஆட்டைப் பார்க்கப் போயிருந்த வேளையில், நான் காதருகே குனிந்து, "உண்மையாகவே விழுந்தீர்களா?" என்று கேட்டேன். "மகளே, தண்ணீர் கொடு" என்றார். கொடுத்தேன். தாகத்தில் இருப்பவரிடம் என்ன கேள்வி.

எங்கள் பக்கத்தில் மனைவி வாய்விட்டு அழக்கூடாது, வெட்கம். அழுவது அக்கா தங்கை வேலை. சடையை அறுத்துப் பிணத்தின் மார்பில் வைத்து, தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி பாட வேண்டும். அந்தக் கிரேக்கருக்கு அக்கா தங்கை யார்? ஊரே இருந்தது. ஆனால் என் வீட்டில்தானே கிடந்தார். வெங்காயம் நறுக்குகிற அந்தக் கத்தியால் அறுத்தேன். மழுங்கிப்போயிருந்தது, நேரமானது. அப்பாவுக்குக்கூட நான் அப்படி அழவில்லை. பாசம் என்று பேசிக்கொண்டார்கள். பாசமாவது! கோபம் ஐயா. எனக்குத் தரமுடியாத ஒன்றை, அந்த வாசலில் நின்றவளுக்கு...

சரி, அது கிடக்கட்டும்.

தளபதி படையோடு வந்து விசாரித்தான். கணவாய்க்கு அந்தப் பக்கத்தைக் கொளுத்தக் காரணம் தேடிக்கொண்டிருந்தான். வீடு வீடாகக் கேட்டான். எல்லா வீட்டிலும் ஒரே பதில். என்னைக் கேட்டபோது, "ஆயர் பொய் சொல்வாரா?" என்றேன். போய்விட்டான்.

அந்தப் பக்கத்து மக்களும் பிற்பாடு ஞானஸ்நானம் பெற்றார்கள். அடுத்து வந்த குருவானவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னேன், மரக் கிண்ணம் எடுத்துப் போங்கள் என்று. மரத்தில் எங்கள் உறவு ஒட்டாது. சந்தோஷமாகக் குடித்தார்கள். கல்யாணங்கள் நிற்கவில்லை. இமேதா வயதாகி, தன் படுக்கையில், பேரப்பிள்ளைகள் நடுவே இறந்தான். அவனுக்கும் தலைமாட்டில் உட்கார்ந்து அழுதது நான்தான். அவன் மனைவி சுவரோரம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உரிமை எனக்குத்தானே.

கிளம்புகிறீர்களா? கணவாய்க்கு அந்தப் பக்கமும் போய்க் கேட்கப் போகிறீர்களா? கேளுங்கள். அங்கே பாதி வீடுகளில் எங்கள் பெண்கள் பெற்ற பிள்ளைகள். அவர்களும் இதையே சொல்வார்கள். இரத்தப் பழிக்கு எங்கள் மலையில் வயதாவதில்லை ஐயா. நட்சத்திரம் போலக் கிழிந்தது என்றெல்லாம் நான் சொன்னது உங்களுக்கு மட்டும் சொன்னதுதான். ஒரு கிழவி தனியாக இருந்தால் ஏதாவது பேசுவாள். அதோ, தோர்கா வாசலில் வந்து நிற்கிறான். நகரத்தில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். வேதசாட்சி இல்லை. ஆயர் தியோன் கோவேறு கழுதையிலிருந்து விழுந்து இறந்தார்.